அத்தியாயம் 7: வாழை இலையிலிருந்து காட்டுக் கன்று வரை

கிள்ளான் பள்ளத்தாக்கில் மரம் நடும் நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சமில்லை. 2021 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்த பசுமையாக்கத் திட்டத்தின் இலக்கே ஐந்து ஆண்டுகளில் 10 கோடி மரங்கள். பதாகையும் டி-சட்டையும் ஆரஞ்சுச் சாறும் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். இல்லாமல் போவது வேறு மூன்று: நல்ல கன்று, அந்தக் கன்றை ஓராண்டு வளர்க்க உரமுள்ள மண், நட்டபின் திரும்பிப் போய்ப் பார்க்கும் ஆள். இந்த மூன்றையும் ஒரு கோயிலோ தமிழ்ப்பள்ளியோ அடுக்குமாடிக் குடியிருப்போ தன் குப்பையிலிருந்தும் தன் ஆட்களிலிருந்தும் உருவாக்க முடியும்.

ஒரே ஒரு விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கழிவு தாமானிலேயே நிற்க வேண்டும். காட்டுக்குப் போவது கன்று மட்டும். 'இயற்கைக் குப்பைதானே, மண்ணோடு மண்ணாகிவிடும்' என்று சொல்லி வெட்டிய புல்லையும் கிளையையும் லோரியில் ஏற்றிக் காட்டோரம் கொட்டுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் குவியலோடு வீட்டுத் தோட்டக் கொடிகளின் விதையும் தண்டும் போகின்றன. வறட்சி வந்தால் அதுவே தீக்கு எரிபொருள். காட்டுக்கு நம் உரம் தேவைப்படுவதில்லை. தேவைப்படுவது நாற்றங்கால் பைக்குத்தான்.

தோட்டத்தில் இருந்தவர்களைத் தேடுங்கள்

வேலையைத் தொடங்குமுன் உங்கள் குடியிருப்பில் ஒரு சுற்றுப் போய், தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்கள் யார் யார் என்று விசாரியுங்கள். கிள்ளான், காப்பார், பூச்சோங், ஷா ஆலம் பக்கத்து மலிவு வீடுகளில் அவர்கள் இல்லாத மாடியே இருக்காது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலமாக மாறியபோது லயத்தைவிட்டு வந்தவர்கள். அந்தப் பாட்டிமாரில் பலர் செம்பனை நர்சரியில் பையில் மண் நிரப்பியவர்கள், களை பிடுங்கியவர்கள். எந்தக் கன்று தேறும், எது தேறாது என்று தண்டைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள். இதற்கென்று ஒரு நிபுணரை வெளியிலிருந்து கூட்டிவந்து மண்டபத்தில் ஸ்லைடு போட்டுக் காட்டுவதைவிட, அவர்களில் ஒருவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துப் பத்துப் பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைப்பது மேல்.

தோட்ட வரலாற்றிலேயே இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய பாடங்கள் இருக்கின்றன. குலை வெட்டும்போது விழும் செம்பனை மட்டைகளை வரிசைக்கு நடுவே அடுக்கிவைப்பது எல்லாத் தோட்டத்திலும் உள்ள பழக்கம். மட்டை மக்கி மண்ணைக் காக்கும், மழையில் மண் அரித்துப் போகாது. ஆலையில் பழம் உதிர்த்த பிறகு மிஞ்சும் வெறும் குலை, வரும் பழக்குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். ஒரு காலத்தில் அதை எரித்து, சாம்பலைப் பொட்டாஷ் உரமாகப் போட்டார்கள். புகைக்குக் கட்டுப்பாடு வந்தபின் அதையே மரத்தடியில் பரப்பும் வழக்கம் பரவியது. பரப்புவதிலும் ஒரு கணக்கு உண்டு: ஒற்றை அடுக்காகத்தான் போட வேண்டும். மேட்டுக் குவியலாக விட்டால் ஈ மொய்க்கும், காண்டாமிருக வண்டு முட்டையிடும்.

மறுநடவில்தான் பெரிய மாற்றம் வந்தது. பழைய மரத்தைச் சாய்த்துக் காயவைத்துத் தீ வைப்பதே பல ஆண்டு வழக்கம். 1980களின் இறுதியில் கோல்டன் ஹோப் நிறுவனம் எரிக்காமல் மறுநடவு செய்யும் முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. சாய்த்த தண்டைச் சீவித் துண்டாக்கி, வரிசையாகக் குவித்து மக்கவிடுவார்கள். அதன் பக்கத்திலேயே புதுக் கன்று நடுவார்கள். 1992இல் இதற்கு ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 விருது கிடைத்தது. விலையில்லாத வெற்றி என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். மக்கும் தண்டுக்குள்ளும் அதே வண்டு பெருகி இளங்கன்றின் குருத்தைத் துளைத்தது. அதனால் தண்டை மெல்லிசாகச் சீவுவதும், பயற்றினக் கொடியை வேகமாகப் படரவிட்டு மூடுவதும் முறையின் பகுதியாயின. கழிவை எரிக்காமல் விட்டால் மட்டும் போதாது, அது எப்படி மக்குகிறது என்று கவனிக்க ஆள் வேண்டும் என்பதை நகரத்துக் குவியலிலும் பார்ப்போம்.

பால்மரத்தின் கதை இன்னும் சுவையானது. பால் வற்றி, 25, 30 வயதில் வெட்டப்படும் ரப்பர் மரம் 1970கள்வரை பெரும்பாலும் விறகுதான். புகைக்கூடத்துக்கும் சூளைக்கும் போனது, மீதி வேலைக்காட்டிலேயே எரிந்தது. வெட்டிய சில நாட்களுக்குள் நீலப் பூஞ்சை பிடித்து வண்டு துளைத்துவிடும் மரம் அது. உடனே அறுத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் நிலைக்கும் என்று கண்டபிறகு அதே மரம் மலேசியத் தளவாடத் தொழிலின் முதன்மை மூலப்பொருளானது. இயற்கைக் காட்டு மரத்தின் மீதிருந்த சுமையையும் ஓரளவு குறைத்தது. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை ஒருவேளை ஏதோ ஒரு தோட்டத்தில் யாரோ ஓர் அம்மா பால் வெட்டிய மரமாக இருக்கலாம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். மேசையின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்ப்பார்கள்.

எதை எடுப்பது, எதை விடுவது

2012ஆம் ஆண்டுத் தேசியக் கணக்கெடுப்பின்படி மலேசிய வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய 45 விழுக்காடு உணவுக் கழிவு. அத்தனையையும் நீங்கள் மக்கவைக்கப் போவதில்லை, முயலவும் வேண்டாம். பிரிக்பீல்ட்ஸும் கிள்ளான் லிட்டில் இந்தியாவும் ஒவ்வொரு நாளும் மலைபோல் தரும் மூன்று பொருளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: வாழை இலை, பூ, தேங்காய் மட்டை. நான்காவதாகச் சாலையோரக் காய்ந்த இலை. இந்த நான்கும் கையில் இருந்தால் குவியல் தானாக நடக்கும்.

வாழை இலை உணவகத்துக்குப் போனால் நேரே முதலாளியிடம் பேசாதீர்கள். பின்கட்டில் இலை எடுப்பவரிடம் பேசுங்கள். குப்பை கலப்பதும் கலக்காததும் அவர் கையில்தான் இருக்கிறது. "அண்ணே, இலையை மட்டும் இந்தத் தொட்டியில போட்டுருங்க. எலும்பு, முள்ளு, டிஷ்யூ வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு நாங்களே வந்து எடுத்துக்கிறோம்" என்று சொல்லி, மூடியுள்ள தொட்டி ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுங்கள். சொன்ன நேரத்துக்குப் போகத் தவறினால் மறுநாள் இலை பழைய பையிலேயே போய்விடும், அப்புறம் அவரைத் திருப்பிக் கொண்டுவருவது பெரும்பாடு. குழம்பு ஒட்டியிருந்தால் பரவாயில்லை. எலும்பு வந்தால் எலி வரும், எலி வந்தால் எலிக்காய்ச்சல் பயத்தில் குடியிருப்பே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

கோயில் பூவில் சிக்கல் பூவல்ல, நூல். பருத்தி நூலும் வாழைநாரும் மக்கும். நைலான், ராஃபியா கயிறு, ஜிகினா, பிளாஸ்டிக் முத்து ஒன்றும் மக்காது. குவியலைக் கிளறும்போது முள்கரண்டியில் சுற்றிக்கொண்டு கழுத்தறுக்கும். ஆகவே மாலையைப் பிரிக்கும் இடம் குவியலாக இருக்கக்கூடாது, கோயிலிலேயே ஒரு மேசையாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் நாலைந்து பேர் உட்கார்ந்து உருவினால் அரைமணி நேரத்து வேலை. பூக்கடை அக்காவிடம், "எங்க கோயிலுக்குக் கட்டுற மாலையை மட்டும் பருத்தி நூல்ல கட்டித் தாங்கக்கா" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார். விபூதி சிறிதளவு கலந்தால் தீங்கில்லை, அது சாம்பல்தான். சாயமேற்றிய குங்குமத்தையும் அபிஷேகப் பாலையும் சேர்க்கவேண்டாம். பால் நாறும், வேறென்ன.

தேங்காய் மட்டை அடுத்த சேதி. தைப்பூசத்துக்கு ரதம் கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குப் போகும் வழியில் உடையும் தேங்காய்கள் நம் கண்ணுக்குத் தெரிகிற குவியல். ஆண்டு முழுவதும் சந்தையில் தேங்காய் துருவும் கடைகளிலிருந்து விழுவது அதைவிட அதிகம், யாரும் பார்ப்பதில்லை. மட்டை மெதுவாகத்தான் மக்கும்; அதில் லிக்னின் அதிகம். அதனால் உரக் குவியலில் முழு மட்டையைப் போடாதீர்கள். கையளவு துண்டாக வெட்டி, இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பழுப்பு நீரை வடித்துவிட்டு, நாற்றங்காலில் மூடாக்காக வையுங்கள். சிரட்டையை ஒரு நாள்கூட வெளியில் கவிழ்க்காமல் விடக்கூடாது. பாதித் தேங்காயில் தேங்கும் இரண்டு விரற்கடை மழைநீர் போதும் ஏடிஸ் கொசுவுக்கு. டிங்கி அதிகாரி வந்து அபராதச் சீட்டு எழுதினால் உங்கள் திட்டம் அன்றோடு முடிந்தது.

காய்ந்த இலைக்குக் கோலாலம்பூரில் குறைவே இல்லை. மாலையில் இலை மூடும் தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைதான் முதல் தரம்: சின்னது, சீக்கிரம் மக்கும், பயற்றினம் என்பதால் தழைச்சத்தும் உண்டு. துப்புரவுப் பணியாளர்கள் அதைப் பெருக்கிப் பையில் கட்டி ஓரம் வைப்பார்கள். மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் பையோடு எடுத்துக்கொள்ளலாம். பூச்சிமருந்து அடித்த இடத்துப் புல்லை மட்டும் தவிருங்கள்.

சட்டம் ஊருக்கு ஊர் வேறு. கூட்டரசுப் பிரதேசமும் சில மாநிலங்களும் 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தை ஏற்றவை. அங்கே 2015 செப்டம்பர் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயம். ஆகவே பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்குத் தோட்டக் கழிவைத் தனியே கட்டி வைப்பது பழகிய விஷயம். சிலாங்கூர் அந்தச் சட்டத்தைத் தொடக்கத்தில் ஏற்ற மாநிலங்களில் இல்லை. கிள்ளானில் நீங்கள் பேசவேண்டியது 2024இல் மாநகராகத் தரம் உயர்ந்த அரச மாநகர் மன்றத்திடமும் குப்பை அள்ளும் நிறுவனத்திடமும்தான். இரண்டு ஊருக்கும் பொதுவானது ஒன்று: 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு. அதன்படி திறந்தவெளியில் எரிப்பது குற்றம், கொல்லையில் இலை கொளுத்துவதும் அதில் சேரும். இதைப் பெரியவர்களிடம் சொல்லும்போது 2005 ஆகஸ்டை நினைவூட்டுங்கள். அந்த மாதம் 11ஆம் தேதி கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் புகைமூட்டத்தால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டியிருந்தது. அந்தப் புகையின் பெரும்பகுதி சுமத்ராவிலிருந்து வந்தது என்பது உண்மை. அதற்காக நம் கொல்லைத் தீ கணக்கில் வராமல் போகாது.

குவியல்

தமிழ்நாட்டு வேளாண் புத்தகங்களை வைத்துக்கொண்டு இங்கே உரம் செய்யப் போனால் இரண்டு இடத்தில் இடறும். அவை குழி வெட்டச் சொல்லும், சாணம் கரைக்கச் சொல்லும். ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் ஊரில் குழி என்பது குளம். பிரிக்பீல்ட்ஸ் போன்ற களிமண் இடத்தில் தண்ணீர் வடியவே வடியாது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற இடம் அல்லவா. ஆகவே தரைக்கு மேலே, கூரைக்குக் கீழே. சாணத்துக்குப் பதில் முந்தைய குவியலின் முதிர்ந்த உரம் ஒரு வாளி, அதுவும் இல்லையென்றால் நர்சரியில் கிடைக்கும் கோழி உரம் கொஞ்சம்.

பெட்டிக்கு மரப் பலகைத் தட்டுகள், அதாவது பேலட், போதும். துறைமுக ஊர் என்பதால் கிள்ளானில் பழைய பேலட் எளிதில் கிடைக்கும். வாங்கும்போது பக்கவாட்டு முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றிருந்தால் சூடேற்றிக் கிருமி நீக்கியது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு வாயு அடித்தது, வேண்டாம். நான்கு பேலட்டைக் கட்டினால் ஒரு பெட்டி. உள்ளே அரை அங்குல கம்பிவலை அடியுங்கள், அடியிலும் சேர்த்து. இரண்டு பெட்டி அருகருகே இருந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதே கிளறுவதாகிவிடும். அகலம், நீளம், உயரம் மூன்றும் ஒரு மீட்டருக்குக் குறையக்கூடாது; குறைந்தால் உள்ளே சூடு ஏறாது.

அளவு: இலையும் பூவும் ஒரு வாளி என்றால் காய்ந்த இலை இரண்டு வாளி. வாழை இலையைக் கிழிக்காமல் போட்டால் அது ஒன்றின்மேல் ஒன்று படிந்து ரெயின்கோட் மாதிரி காற்றை அடைத்துவிடும். குறுக்கே கிழியுங்கள், நடுத்தண்டைக் கத்தியால் நறுக்குங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்க இதைவிட நல்ல வேலை கிடையாது. கிழிக்கச் சொன்னால் எந்தப் பிள்ளை மறுக்கும்?

மூன்றாம் நான்காம் நாளில் குவியலுக்குள் கையை விட்டால் தாங்கமுடியாத சூடு இருக்க வேண்டும், 55 பாகையிலிருந்து 65 பாகைவரை. அந்தச் சூட்டில்தான் களை விதையும் நோய்க்கிருமியும் சாகின்றன. சூடு இறங்கியதும் அடுத்த பெட்டிக்கு மாற்றுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள்: ஓரிரு சொட்டு வந்தால் ஈரம் சரி, ஒழுகினால் காய்ந்த இலை சேர்க்கவேண்டும். அழுகிய முட்டை வாடை காற்றில்லை என்பதன் அடையாளம். மூக்கை எரிக்கும் அம்மோனியா வாடை பச்சை அதிகம் என்று சொல்கிறது. எறும்பு குடியேறினால் காய்ந்துவிட்டது. நம் வெப்பத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் முடியும்.

கிளறும்போது கட்டைவிரல் பருமனில், வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழு தென்பட்டால் அது பெரும்பாலும் அந்தக் காண்டாமிருக வண்டின் புழு. பக்கத்தில் தென்னையோ செம்பனையோ இருந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள், கோழி வைத்திருப்பவர் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்.

உரம் முதிர்ந்ததா என்று அறிய ஈர உரத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் அடைத்து மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது மண்வாசனை வந்தால் தயார். சந்தேகமிருந்தால் அதில் தண்டுக்கீரை விதைத்துப் பாருங்கள். மஞ்சளாக முளைத்தால் இன்னும் மூன்று வாரம் பொறுக்கவேண்டும். அவசரப்பட்டுப் பைக்குள் போட்டால் கன்றின் வேர் வெந்துவிடும்.

இடமே இல்லாத அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தோனேசியாவின் சுராபாயா நகரில் ஜப்பானியரான கோஜி தகாகுரா உருவாக்கிய கூடை முறை பொருந்தும். உள்ளே அட்டை விரித்த துணிக்கூடை, அரிசித் தவிடு, தாப்பாய் செய்யும் ராகி போன்ற நொதி. அதை இன்னொரு அத்தியாயத்தில் விரிவாகப் பார்க்கலாம்.

நாற்றங்கால்

நிலத்தின் உரிமை யாருடையது என்று எழுத்தில் தெரிந்த பிறகே முதல் பையை வையுங்கள். பங்சாரில் மின்கம்பி வழிக்காக ஒதுக்கிய நிலத்தில் நில வடிவமைப்பாளர் இங் செக் சான் முன்னின்று 2017 வாக்கில் உருவாக்கிய சமூகத் தோட்டம் நாடறிந்தது. அதற்கே 2021இல் நில அனுமதிச் சிக்கல் வந்தது. சின்னக் குழுவுக்கு வராது என்று நம்ப வேண்டாம். பேலட்டும் பையும் நகர்த்தக்கூடியவை என்பது இந்த முறையின் பலம்.

பைக்குள் போகும் கலவை வீட்டுத் தோட்டக் கலவையைவிட மெலிந்ததாக இருக்கவேண்டும். காய்கறிக்கு மூன்று பங்கு மண், இரண்டு பங்கு உரம், ஒரு பங்கு மணல் என்பார்கள். காட்டு மரத்துக்கு உரத்தை ஒரு பங்காகக் குறையுங்கள். கொழுத்த மண்ணில் வளர்ந்த கன்று பச்சைப்பசேலென்று படத்துக்கு நன்றாக இருக்கும்; வெயிலும் ஏழை மண்ணும் உள்ள இடத்தில் நட்டால் துவண்டுவிடும். மெராந்தி, காப்பூர் போன்ற மரங்கள் வேரில் ஒட்டி வாழும் பூஞ்சையின் துணையோடுதான் வளர்கின்றன, அதிக உரம் அந்த உறவைக் கெடுக்கும். தாய்மரத்தடி மண் ஒரு கைப்பிடி பைக்குள் சேர்ந்தால் பூஞ்சை வந்துவிடும். ஆனால் நிரந்தர வனக் காப்பகத்திலிருந்து மண்ணோ விதையோ கன்றோ எடுக்க மாநில வன இலாகாவின் அனுமதி வேண்டும், உள்ளே நுழைவதற்கே வேண்டும்.

மெராந்தி இனங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுக்கு ஒருமுறை காடே சேர்ந்து பூத்து, இறக்கை முளைத்த காய்களை உதிர்க்கும். அந்த விதையைச் சேமிக்கவும் முடியாது, சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் உயிர் போய்விடும். ஆகவே பை நிரப்பிக் காத்திருப்பவருக்குத்தான் விதை பயன்படும். காத்திருக்கும் காலத்தில் புன்னை, பூவரசு, நாவல், பெத்தாய் என்று எளிதில் முளைப்பவற்றை வளர்த்துக் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். வேம்பும் வில்வமும் கோயிலுக்கு நல்லது, காட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். கன்றும் ஆலோசனையும் வேண்டுமென்றால் கெப்போங் வன ஆய்வுக் கழகத்தைக் கேளுங்கள். ஈயச் சுரங்கமும் காய்கறித் தோட்டமும் மொட்டையாக்கிய நிலத்தில் 1926 முதல் மனிதர் கையால் நட்டு எழுப்பிய காடு அது. 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. நம் பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறையாவது அங்கே கூட்டிப்போய், காப்பூர் மரங்கள் கிளை நுனியைத் தொட்டுக்கொள்ளாமல் விலகி நிற்கும் இடத்தில் அண்ணாந்து பார்க்க வையுங்கள்.

நிழல்வலைக்குக் கீழே மாதங்கள் கழியும். வேர் பையைத் துளைத்துத் தரைக்குள் இறங்காதபடி சில வாரத்துக்கொருமுறை ஒவ்வொரு பையையும் தூக்கி இடம் மாற்றுங்கள். இதைச் செய்யாத நாற்றங்கால்தான் நடும் நாளில் வேரறுத்துக் கன்றைத் தூக்கும். கடைசி ஒன்றரை மாதம் நிழலைப் படிப்படியாக விலக்கி, தண்ணீரையும் குறைத்து, கன்றை வெயிலுக்குப் பழக்குங்கள்.

எந்தக் காட்டுக்கு

சதுப்புக் கரிமண் காடு தனிக்கதை. கோலாலம்பூரின் வடமேற்கே, பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொல்லும் பெஸ்தாரி ஜெயா பக்கத்தில், ராஜா மூசா வனக் காப்பகம் இருக்கிறது. மரம் வெட்டவும் நிலம் உலர்த்தவும் தோண்டிய வாய்க்கால்கள் நீரை வடித்துவிட்டதால் அங்கே கரிமண் காய்ந்து பலமுறை எரிந்தது. பெட்டாலிங் ஜெயாவைச் சேர்ந்த குளோபல் என்விரான்மென்ட் சென்டரும் சிலாங்கூர் வன இலாகாவும் 2008 முதல் அங்கே வேலை செய்கின்றன. வாய்க்காலை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துகிறார்கள், மஹாங், தெங்கெக் புரோங் கன்றுகளை நடுகிறார்கள். சுற்றுவட்டார மக்கள் சேர்ந்து வட சிலாங்கூர் கரிமண் காட்டு நண்பர்கள் என்ற அமைப்பாகி, தீக் கண்காணிப்பும் நாற்றங்காலும் நடத்துகிறார்கள்.

அங்கே உங்கள் உரத்தைக் கொண்டுபோகாதீர்கள். மக்காமல் நீருக்கடியில் கிடக்கும் மரமும் இலையும்தான் கரிமண். உரமும் காற்றும் சேர்ந்தால் அது மக்கத் தொடங்கும், மண்ணே கரைந்து காற்றில் போகும். தாமானில் எதை முயன்று செய்தோமோ அது நடக்கக்கூடாத இடம் அது. உங்கள் நாற்றங்காலின் புன்னையும் நாவலும் அங்கே செல்லாது. அந்தக் கிராமத்தார் வளர்க்கும் கன்றைப் பணம் கொடுத்து வாங்கி, அவர்கள் காட்டும் இடத்தில், அவர்கள் சொல்லும் மாதத்தில் நடுங்கள். பணம் அங்கே போவது நல்லது, காட்டைக் காக்க அவர்களுக்கு இன்னொரு காரணம் கிடைக்கும்.

உங்கள் சொந்தக் கன்றுகளுக்கு உலர்நிலம் பாருங்கள்: பள்ளி வளாகம், ஆற்றோரம், பழைய ஈயச் சுரங்க மணல் நிலம். கோத்தா டாமன்சாரா, ஷா ஆலம் போன்ற இடங்களில் நகரத்துக் காடுகளைக் குடியிருப்பாளர்களே குழு அமைத்துக் காத்துவருகிறார்கள், அவர்களிடம் பேசுங்கள். சுரங்க மணலில் சத்தே கிடையாது என்பதால் அங்கே மட்டும் குழிக்குள் ஒரு வாளி உரம் இடலாம். நடும் காலம் அக்டோபர், நவம்பர். பையைக் கிழித்துக் கன்றை வைத்ததும் பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். போகும்போது எத்தனை பை, வரும்போது எத்தனை பை என்று எண்ணுவதை ஒரு பிள்ளையிடம் ஒப்படையுங்கள்.

காட்டைக் காக்க இன்னொரு வழியும் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் கோல லங்காட் வடக்கு வனக் காப்பகத்தின் பெரும்பகுதியின் காப்பக நிலையை நீக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. பல்லாயிரம் பேர் எழுத்து மூலம் ஆட்சேபித்தார்கள். அப்படியும் 536 ஹெக்டர் நீக்கப்பட்ட செய்தி 2021இல் வெளிவந்து, எதிர்ப்பு வலுத்தபிறகு மாநில அரசு அந்த ஆண்டு செப்டம்பரில் முடிவைத் திரும்பப் பெற்றது. ஆட்சேபக் கடிதம் எழுதுவதற்கு மலாயில் ஒரு பக்கம் போதும். உங்கள் குழுவில் கன்று வளர்த்த பிள்ளை அதை எழுதினால் அதில் எழுத அவனுக்கு விஷயம் இருக்கும்.

யாருக்கு எந்த வேலை

கோயில் நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், ருக்குன் தெத்தாங்கா மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர முயலாதீர்கள். தலைவர் யார் என்பதிலேயே மூன்று மாதம் ஓடிவிடும். ஒன்றோடு தொடங்குங்கள். மற்றவை குவியல் நாறாமல் இருப்பதைப் பார்த்துத் தானாக வரும். வேலையைப் பொருள்வாரியாகப் பிரிக்காமல் நாள்வாரியாகப் பிரியுங்கள்: செவ்வாய் இன்னார் வீட்டு முறை, வெள்ளி இன்னார் வீட்டு முறை. பெயர் சுவரில் எழுதியிருந்தால் ஆள் வருவார். நான்காம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் எடை பார்த்து எழுதட்டும். கணக்குப் பாடத்துக்கும் ஆகும், மாதக் கடைசியில் கோயில் பலகையில் எழுதிப்போட ஓர் எண்ணும் கிடைக்கும்.

நட்ட ஒவ்வொரு கன்றுக்கும் அலுமினியத் தகட்டில் எண் அடித்துக் கட்டுங்கள். பானக் குவளையை வெட்டினாலே தகடு. எண், இனம், நட்ட தேதி, பொறுப்பான வீடு ஆகியவற்றை ஒரே நோட்டில் பதியுங்கள். நட்ட முதல் மாதத்தில் ஒருமுறை, மூன்றாம் மாதத்தில் ஒருமுறை, ஆறாம் மாதத்தில் ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும். லாலான் புல்லைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்கு அரிந்து, அரிந்ததை அங்கேயே மூடாக்காகப் போடுங்கள், தண்டை மட்டும் தொடாமல். செத்த கன்றின் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: வெயில், வெள்ளம், புல்வெட்டும் இயந்திரம். நகரத்தில் நட்ட கன்றைப் பெரும்பாலும் கொல்வது மூன்றாவதுதான், ஆகவே புல் வெட்டும் குத்தகைக்காரரின் தொலைபேசி எண்ணை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.